ரிமினிப் பேராலயச் சுவரில் ஒரு போர்நூலாசிரியர்

இத்தாலியின் கிழக்குக் கரையிலுள்ள ரிமினி நகருக்குச் செல்வோர், கி.மு. 27-ல் அகுஸ்துஸ் பேரரசருக்காக எழுப்பப்பட்ட வெற்றி வளைவைக் காணத் தவறுவதில்லை. அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் பேராலயம். அதன் முகப்பைக் கண்டதும், சற்றுமுன் பார்த்த வளைவே மீண்டும் எதிரில் நிற்பதுபோல் தோன்றும். தோற்றம் பிழையன்று. பிரான்சிஸ்கு சபையாரின் பழைய கோவிலுக்குக் கற்போர்வை அமைத்த அல்பெர்த்தி, அவ்வளைவையே மாதிரியாகக் கொண்டார்.

வலப்புறச் சுவரின் மாடங்களில் கற்பேழைகள் வரிசையாக உள்ளன. அவற்றுள் ஒன்றில் துயில்பவர் ரொபெர்த்தோ வல்தூரியோ. உரோமையில் பாப்பரசரின் அலுவலகத்தில் எழுத்தராயிருந்து, பின்னர் ரிமினிச் சிற்றரசன் சிஜிஸ்மோந்தோ மலதெஸ்தாவின் ஆலோசகரானவர். பண்டை ஆசிரியர்களைத் துருவி, போர்க்கலை பற்றி இலத்தீனில் பன்னிரண்டு பகுதிகள் கொண்ட நூலொன்றை இயற்றினார்.

1472-ல் வெரோனாவில் அந்நூல் அச்சேறியது. மரக்கட்டையில் செதுக்கிய எண்பதுக்கும் மேற்பட்ட படங்கள் அதில் உண்டு. போர்ப்பொறிகளை இவ்வாறு படங்களோடு விளக்கிய அச்சு நூல் அதற்குமுன் இல்லை. நிழலோ வண்ணமோ இல்லாத தெளிந்த கோடுகள்: அரிவாள் பூட்டிய தேர்கள், மதிலேறும் ஏணிகள், காற்றாடிகளால் ஓடும் வண்டி, பறவை நாகம்போல் வாய்பிளந்த முற்றுகைக் கோபுரம். பண்டை உரோமையர் இப்படித்தான் போரிட்டனர் போலும் என்று பக்கங்களைப் புரட்டும்போது, திடீரெனப் பீரங்கிகள் எதிர்ப்படுகின்றன! வெடிமருந்தையே அறியாதவர் அவ்வுரோமையர். பழமையின் பெயரால் தம் அரசனின் படைக்கலங்களுக்கும் பெருமை தேடினார் ஆசிரியர் என்றே எண்ணத் தோன்றுகிறது.

அவ்வரசனோ, 1460-ல் பாப்பரசர் இரண்டாம் பயஸால் திருச்சபையினின்று விலக்கப்பட்டவன். 1462-ல் உரோமையில் அவன் உருவப் பொம்மையும் எரிக்கப்பட்டது. இடையே 1461-ல், கொன்ஸ்தாந்திநோப்பிளைக் கைப்பற்றியிருந்த சுல்தானுக்கே இந்நூலின் கையெழுத்துப் படியொன்றை அனுப்பினான். தூது சென்ற கலைஞர் மத்தேயோ தெ பாஸ்தியை வெனிசு அரசினர் கிரேத்தா தீவில் மறித்துச் சிறைப்பிடித்தனர். அச்சு நூலின் படங்களுக்கு மூலவரைவு தந்தவர் அவரே என்றும் கருதப்படுகிறது. ஆனால் அச்சேறிய நூலை எவர் மறிப்பது? லெயோனார்தோ தா வின்சி அதைக் கற்று, தம் குறிப்பேட்டிற்குப் பலவற்றை எடுத்துக்கொண்டார்.

1943, 1944-ஆம் ஆண்டுகளின் விமானக் குண்டுவீச்சில் பேராலயத்தின் பீடப்பகுதி இடிந்தது, பின்னர் திருத்தியமைக்கப்பட்டது. வல்தூரியோவின் பேழையைக் கண்டவர்கள் அப்படியே திரும்பிவிடலாகாது. போருக்குத் தப்பிய ஜொத்தோவின் திருச்சிலுவை ஓவியம் உள்ளே இருக்கிறது.