வீடு தேடி வந்த பயிற்சி... வாய்க்கால் வரை நடந்த அப்பா!

முக்கூடல் பக்கத்திலிருந்து வாசகர் ஒருவர், வாழையில் இலைப்புள்ளி நோய்க்கு என்ன செய்யலாம் என்று கேட்டு எழுதியிருந்தார். கடிதத்தின் கடைசியில் இரண்டு வரி: ‘வீட்டுக்காரிக்குப் பக்கவாதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கிறார்களாமே, அதில் பலன் உண்டா? இல்லை, டவுனுக்குத்தான் கூட்டிப் போகணுமா?’

வேளாண்மை அலுவலரிடம் கேட்கிற கேள்வி இல்லைதான். நான் மருத்துவரும் இல்லை. ஆனால், எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்ல முடியும்.

எங்கள் ஊர் சேரன்மகாதேவிக்குப் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனம். 2022 அக்டோபரில், பிசானத்துக்கு நாற்றங்கால் தயார் செய்துகொண்டிருந்த அப்பாவுக்குச் சாயங்காலம் இடது கை மரத்துப்போனது. வாய் லேசாகக் கோணியது. பேச்சு குழறியது. ‘வாயுப் பிடிப்பு, சுக்குக் கசாயம் குடிச்சா சரியாயிரும்’ என்று அம்மா சொன்னாள். போனில் கேட்ட நானும், ‘காலையில் பார்ப்போம்’ என்றேன். நெல் இலையில் ஒரு புள்ளியைப் பார்த்ததும் குலைநோய் என்று சொல்லத் தெரிந்த எனக்கு, இது தெரியவில்லை. ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். நாங்கள் பாளையங்கோட்டை போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு மணி நேரம் கடந்திருந்தது. வாய் கோணல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல்... இதில் ஒன்றைக் கண்டாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

உயிர் பிழைத்து வீட்டுக்கு வந்தார். வாரம் மூன்று நாள் பிசியோதெரபிக்கு வரச் சொன்னார்கள். போக வர ஐம்பது கிலோமீட்டர். கார் வாடகை, எனக்கு லீவு, தம்பிக்கு வயல் வேலை கெட்டது. அங்கே வழுவழுப்பான தரையில், இரண்டு பக்கமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடப்பார். வீட்டுக்கு வந்தால் அலுப்பில் படுத்துவிடுவார். மறுநாளும் எழுந்திருக்க மாட்டார். மூன்று வாரத்தில் போவதை விட்டுவிட்டோம். அதற்குள் ஒருவர் புறா ரத்தம் தடவச் சொன்னார், இன்னொருவர் எண்ணெய் போட்டு உருவச் சொன்னார். அப்பாவைக் கட்டிலில் வைத்து, ஊட்டி, துடைத்து, தூக்கி உட்கார வைத்தோம். நன்றாகப் பார்த்துக்கொள்கிறோம் என்றுதான் நினைத்திருந்தோம்.

அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை கொடுக்க மாதாமாதம் ஒரு தன்னார்வலர் வீட்டுக்கு வருவார். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ஆரம்பித்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வேலை பார்ப்பவர். அப்பாவைப் பார்த்துவிட்டு, ‘இதுலயே பிசியோதெரபியும் உண்டுக்கா, எழுதிக் கொடுக்கேன்’ என்றார். எனக்கு அதுவரை தெரியாது. அரசு ஊழியராக இருந்துகொண்டே தெரியாமல் இருந்தேன்.

அடுத்த வாரம் ஒரு பொண்ணு வந்தது. என் மகள் வயதுதான் இருக்கும். வந்ததும் கையைப் பிடித்துப் பார்க்கும் என்று நினைத்தேன். அது முதலில் வீட்டைச் சுற்றிப் பார்த்தது. கட்டில் உயரம், வாசல் நிலைப்படி, கொல்லைக்குப் போகிற வழி, கக்கூஸ், அப்பா உட்காருகிற பிளாஸ்டிக் நாற்காலி. அப்புறம்தான் கேட்டது:

‘‘தாத்தா, உங்களுக்கு என்ன செய்யணும்னு ஆசை?’’

‘‘வாய்க்கா வரைக்கும் போவணும் தாயி. தண்ணி வருதான்னு பாக்கணும்.’’

அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கு விவசாயிகளைக் கூட்டிப் போயிருக்கிறேன். பார்த்துவிட்டு, ‘இங்க எல்லா வசதியும் இருக்கு, வெளையுது. எங்க வயல்ல வெளையுமா?’ என்பார்கள். அதனால்தான் அவர்கள் வயலிலேயே செயல்விளக்கத் திடல் போடுகிறோம். முப்பது வருஷமாக அந்த வேலையைச் செய்த எனக்கு, ஆஸ்பத்திரித் தரையில் நடந்தவர் வீட்டில் ஏன் நடக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. அந்தத் தரையில் நிலைப்படி இல்லை.

கட்டில் காலுக்கு அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தினோம். எழுந்திருப்பது பாதி சுலபமானது. வழுக்குகிற பிளாஸ்டிக் நாற்காலி போய், கனமான மர நாற்காலி வந்தது. கொல்லைச் சுவரில் பைப்பைப் பதித்துக் கைப்பிடி ஆக்கினோம். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தளர்ந்த கால் முதலில். கைத்தடி நல்ல கையில். மேஜை மேல் துண்டை விரித்து, வலது கையால் இடது கையைப் பிடித்துத் தள்ளித் தள்ளித் துடைக்க வேண்டும். நாங்கள் செய்த பெரிய தப்பு, அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கியது. தளர்ந்த தோளை அப்படி இழுத்தால் மூட்டு விலகி வலி வந்துவிடும் என்று அந்தப் பொண்ணு சொன்ன பிறகுதான், ராத்திரி அப்பா ஏன் முனகினார் என்று தெரிந்தது.

அம்மாவிடம்தான் பாடு. ‘‘பாட்டி, இனிமே ஊட்டாதீங்க. சிந்தினாலும் அவரே சாப்பிடட்டும்’’ என்றதற்கு, ‘‘மனுசனைப் பட்டினி போடச் சொல்லுதா’’ என்று இரண்டு நாள் கோபம். மூன்றாம் நாள், தட்டை வைத்துவிட்டு அடுப்படியில் போய் நின்றுகொண்டு எட்டி எட்டிப் பார்த்தாள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு வட்டாரத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் என்கிற கணக்குதான். தினமும் வர மாட்டார்கள். வந்த அன்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, பேப்பரில் எழுதி வைத்துவிட்டுப் போகும். காலை, மதியம், மாலை என்று செய்ய வைத்தது அம்மாவும் தம்பி மகனும்தான். வசதி இருப்பவர்கள் தனியாகக் காசு கொடுத்து வீட்டுக்கு வரவழைக்கலாம், பி.பி.டி. படித்தவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பாடு புரையேறினாலோ, மறுபடி தளர்ச்சி வந்தாலோ வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது, ஆஸ்பத்திரிதான். கொதிப்பு மாத்திரையையும் நிறுத்தக் கூடாது.

நிலைப்படியைத் தாண்ட அப்பாவுக்கு ஒரு மாதம் ஆனது. தெருமுனைக்கு இன்னொரு மாதம். அடுத்த ஜூனில், கார் சாகுபடி நேரத்தில், தடியை ஊன்றிப் பைய நடந்து வாய்க்கால் கரைக்குப் போய்விட்டார். இடது கை விரல்கள் இன்னும் முழுசாக விரியவில்லை. மண்வெட்டி பிடிக்க முடியாது. வயலைத் தம்பிதான் பார்க்கிறான். அன்றைக்குக் கரையில் நின்று, மடையைச் சரியாக அடைக்கவில்லை என்று அவனைத் திட்டினார். பேச்சு கொஞ்சம் குழறத்தான் செய்தது. திட்டு தெளிவாகவே விழுந்தது.

முக்கூடல் அண்ணாச்சி, முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும் என்கிறார்கள். நாங்கள் அதில் பல வாரத்தை வீணாக்கினோம். உங்களுக்கு ஒரு மாதம்தான் ஆகியிருக்கிறது. நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, கிராம சுகாதார செவிலியரிடமோ பெயரைக் கொடுங்கள். 104-க்குப் போன் செய்தும் கேட்கலாம். வாழை இலைப்புள்ளிக்கான பதில், கேள்வி-பதில் பகுதியில் இருக்கிறது.