மெஷின் ஓடுது, புகை வரல

வீட்டுல நெபுலைசர் வெச்சிருக்கிறவங்களுக்கான இழை இது. இளைப்பு வந்தா "புகை வெச்சோம் சார்"னு சொல்வீங்களே, அந்த மெஷின் பத்தி. கொஞ்சம் நீளம்தான், முழுசாப் படிச்சிடுங்க.

அந்தப் பெட்டிக்குள்ள மருந்து சம்பந்தமா எதுவும் கிடையாது. அது ஒரு சின்ன ஏர் கம்ப்ரசர், அவ்வளவுதான். பஞ்சர் கடையில டயருக்குக் காத்தடிக்கிற மெஷினோட குட்டித் தம்பி. மோட்டார் பிஸ்டனை ஆட்டும். பிஸ்டன் வெளிக்காத்தை ஃபில்டர் வழியா இழுத்து, அழுத்தி, டியூப் வழியா மருந்துக் கப்புக்கு அனுப்பும். கப்புக்குள்ள ஊசிமுனை மாதிரி ஒரு துளை. அதுல காத்து பீய்ச்சும்போது மருந்தும் கூடவே மேல வந்து, ஒரு தடுப்புல மோதி, பொடித் துளியா உடையும்.

1 முதல் 5 மைக்ரான் அளவுல உடைஞ்ச துளிதான் சின்ன மூச்சுக்குழாய் வரைக்கும் போகும். காத்தோட வேகம் குறைஞ்சா துளி பெருசாகும். பெரிய துளி வாயிலயும் தொண்டையிலயும் ஒட்டிக்கும், நுரையீரலுக்குப் போகாது. வேகம் இன்னும் குறைஞ்சா மருந்து கப்பை விட்டே கிளம்பாது. ஆனா மோட்டார் சத்தம் மட்டும் எப்பவும் போலக் கேட்கும். சிக்கலே அங்கதான்.

போன மழைக்காலத்துல ஒரு நைட் டியூட்டி. நாலு வயசுப் பேரனைத் தூக்கிக்கிட்டு ஒரு பாட்டி வந்தாங்க. "நேத்துலேர்ந்து ஆறு தடவ புகை வெச்சிட்டேன் சார், புள்ளைக்கு அடங்கவே மாட்டேங்குது." ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ள போகுது. ஆக்சிஜன், நெபுலைசேஷன், ஸ்டீராய்டு எல்லாம் குடுத்து, பையன் கொஞ்சம் தேறின அப்புறம், மஞ்சப்பையில இருந்த அவங்க மெஷினை ஓட்டிப் பாத்தேன். சத்தம் ஜோரா இருக்கு. புகை, அணையப்போற ஊதுபத்தி மாதிரி. டியூபைக் கழட்டிட்டு காத்து வர்ற வாயில விரல் வெச்சா, அழுத்தமே இல்ல. ஃபில்டரை எடுத்தேன், கரி பிடிச்சுக் கிடக்கு. அது இல்லாம ஒரு நொடி ஓட்டினேன், காத்து பீய்ச்சுது.

ஆறு தடவையும் மருந்துல பெரும்பகுதி கப்புலயே தங்கியிருக்கும். பாட்டி மேல தப்பே இல்ல. சத்தம் கேட்டா வேலை செய்யுதுன்னுதான் யாரும் நினைப்பாங்க.

அதனால, இளைப்பு இல்லாத ஒரு நாள்ல இதைச் செஞ்சு பாருங்க. டியூபை மெஷின்லேர்ந்து கழட்டி, காத்து வர்ற வாயில விரல் வைங்க. இந்த ஒரு சோதனை பாதி வேலையை முடிச்சிடும்.

காத்து நல்லா தள்ளுதா? அப்ப மெஷின் சரி, டியூப்லயோ கப்புலயோதான் கோளாறு. டியூப் விரிசல் விட்டிருக்கா, மடங்கியிருக்கா, ரெண்டு முனையும் இறுக்கமா இருக்கா பாருங்க. கப்புக்குள்ள இருக்கிற சின்னத் தடுப்புத் துண்டு கழுவும்போது தொலைஞ்சிருக்கலாம். அது இல்லாம புகை வராது. துளையில காய்ஞ்ச மருந்து அடைச்சிருந்தா வெந்நீர்ல ஊறப்போடுங்க. ஊசியால குத்தாதீங்க, துளை பெருசானா அந்தக் கப்பே வீண். மாசக்கணக்கா ஓடின கப்பும் டியூபும் தேய்ஞ்சிடும், மாத்திடுங்க.

காத்து மெதுவா வருதா? முதல்ல ஃபில்டர். கறுத்துப் போயிருந்தா புதுசு போடுங்க, பழசைக் கழுவிப் போட வேண்டாம். ஃபில்டர் இல்லாம ஓட்டவும் வேண்டாம், தூசியெல்லாம் உள்ள போகும். அடுப்புக்கிட்டயோ கொசுவத்திக்கிட்டயோ மெஷினை வைக்காதீங்க. அடுத்தது வோல்டேஜ். கரண்ட் குறைவா வர்ற நேரத்துல மோட்டார் மெதுவாத்தான் சுத்தும், வேற நேரத்துல ஓட்டிப் பாருங்க. ரெண்டும் சரின்னா உள்ள இருக்கிற பிஸ்டன் சீல் தேய்ஞ்சிருக்கும். அது சர்வீஸ்ல குடுக்க வேண்டிய வேலை.

கப்புல ஊத்த சலைன் மட்டும்தான். குழாய்த் தண்ணி, கேன் தண்ணி கூடாது. அதுல கிருமி இருக்கலாம், வெறும் தண்ணியே மூச்சுக்குழாயைச் சுருக்கவும் செய்யும்.

இன்னொண்ணு. ஸ்பேசர் வெச்சு இன்ஹேலர் எடுத்தா நெபுலைசருக்கு எந்த விதத்துலயும் குறைச்சல் இல்லைன்னு ஆய்வுகள் காட்டியிருக்கு. கரண்ட் வேண்டாம், ஃபில்டர் வேண்டாம், பைக்குள்ள அடங்கும். உங்க டாக்டர்கிட்ட கேட்டு, அதையும் ஒண்ணு வாங்கி, எத்தனை தடவ அடிக்கணும்னு எழுதி வாங்கி வெச்சுக்குங்க.

இதெல்லாம் நல்லா இருக்கிற நாளுக்கு. மூச்சு விடும்போது விலா உள்ள போகுது, ஒரு வாக்கியம் முழுசாப் பேச முடியல, உதடு நீலம் பாயுது, குழந்தை சோர்ந்து தூங்கி விழுது, புகை வெச்சும் அடங்கல, இதுல ஒண்ணு இருந்தாலும் மெஷினை நோண்டிக்கிட்டு உக்காராதீங்க. 108-க்கு அடிச்சுக் கிளம்பி வாங்க. ஸ்பேசர் கையில இருந்தா வர்ற வழியிலயே குடுங்க.

இன்னைக்கு சாயங்காலம் கப்புல 3 மில்லி சலைன் மட்டும் ஊத்தி ஒரு தடவ ஓட்டிப் பாருங்க. புகை அடர்த்தியா வரணும், பத்து நிமிஷத்துக்குள்ள கப்பு கிட்டத்தட்ட காலியாகணும். ஆகலைன்னா கோளாறு எங்கேன்னு இன்னைக்கே தேடிடுங்க.