வளைய வேண்டியது வளையட்டும்

காலைப் பயிற்சியில் டயர் சுவரை உரசிய கார், முன் சக்கரம் கோணிக்கொண்டு பிட்டுக்கு வந்து சேர்ந்தது. பதினாறு வயதுப் பையன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், "அண்ணா, மத்தியானம் ரேஸ் ஓட்ட முடியுங்களா?" என்றான். சக்கரத்தைச் சேஸிஸோடு பிணைக்கும் முக்கோணக் கையை விஷ்போன் என்போம். மேல் விஷ்போன் நடுவில் மடங்கியிருந்தது. எனக்கு நிம்மதி. மடங்கட்டும் என்றுதான் அந்தக் குழாயை மெல்லிசாகப் போட்டிருந்தேன்.

இந்தப் புத்தி பட்டுத்தான் வந்தது. ஆரம்பத்தில் நான் கனமான குழாயில் விஷ்போன் செய்தேன். ஒரு மோதலில் அது அசையவில்லை. ஆனால் அதைத் தாங்கும் பிராக்கெட், சேஸிஸ் குழாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டது. விஷ்போன் என்றால் மூன்று போல்ட், அரை மணி நேரம். சேஸிஸ் என்றால் எஞ்சினை இறக்கி, சேஸிஸை அளவு பிசகாமல் பிடித்துவைக்கும் ஜிக்கில் ஏற்றி, வெட்டி வெல்டிங் வைக்க வேண்டும். அந்தக் காரை ஓட்டிய பையனுக்கு அன்று ரேஸ் இல்லை.

சுலபமாகச் சரிசெய்ய முடிய வேண்டும் என்பது புது யோசனை இல்லை. எங்கள் கோயம்புத்தூரில் கார் வடிவமைப்பாளர் கரிவரதன் ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கியபோது, மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினைத்தான் எடுத்துக்கொண்டார். எந்த ஊர் மெக்கானிக்குக்கும் பிரித்துப் பூட்டத் தெரிந்த எஞ்சின். அந்தக் காரில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டினார். பிறகு வந்த எல்ஜிபி ஸ்விஃப்ட் பந்தயக் காரும் அதே வழிதான்: சாலைக் காரின் எஞ்சின்.

பழகுகிறவன் காரில் வேகத்தைவிட நேர்மை முக்கியம். எல்லாச் சேஸிஸும் ஒரே ஜிக்கில் பிறக்க வேண்டும். பையனை உட்காரவைத்து, நான்கு சக்கரத்தின் கீழும் தராசு வைத்து, ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையத்தைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி எடையைச் சரிசெய்வேன். இறக்கை வைக்க மாட்டேன். காற்று காரைத் தரையோடு அழுத்திப் பிடித்தால் தப்பு மறைந்துவிடும். இறக்கையில்லாத காரோ பின்பக்கம் வழுக்கி உடனே சொல்லிக்கொடுக்கும். வளையட்டும் என்ற விதிக்குத் தலைக்கு மேலுள்ள ரோல் ஹூப் மட்டும் விதிவிலக்கு. அதில் வளைதலும் இல்லை, கஞ்சத்தனமும் இல்லை.

அன்று புது விஷ்போனை மாட்டும்போது ஸ்பானரைப் பையனிடமே கொடுத்தேன். மூன்றாவது போல்ட்டை முறுக்கிக்கொண்டே, "பிரேக்கை லேட்டா மிதிச்சுட்டேனுங்ண்ணா" என்றான். நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.