எலுமிச்சம் பழமும் ஆயுட்கால எண்ணெயும்

மூடநம்பிக்கை என்றதும் நம்மில் பலருக்கு மரத்தடிச் சாமியும் மந்திரித்த கயிறுமே நினைவுக்கு வருகின்றன. அது குளிரூட்டிய அறையில், கழுத்துப் பட்டி அணிந்து, கணினியின் முன் வீற்றிருப்பதும் உண்டு என்பதைச் சென்ற சில ஆண்டுகளில் நான் என் சொந்த அனுபவத்தில் அறிந்தேன். என் குடும்பத்து மோட்டார் வண்டி காலத்திற்கு முன்பே முடமாகிப் போன கதை அது. தோட்டத்திலும் பட்டணத்திலும் கடனுக்கு வண்டி வாங்கி ஓட்டும் நம்மவர் பலருக்கு இது பயன்படலாம் என்னும் எண்ணத்தால் இதை எழுதத் துணிந்தேன்.

நான் கீழ்ப் பேராவில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி வேலை பார்ப்பவன். வயது முப்பத்தாறு. ஆங்கில வழியில் படித்தவன். லயத்தில் யாருக்கேனும் அரசாங்கத்துக் கடிதமோ வங்கிப் பாரமோ வந்தால், "கிராணியாரிடம் காட்டுங்கள், படித்துச் சொல்வார்" என்பார்கள். அந்தச் சொல்லில் எனக்குச் சிறிது பெருமையும் இருந்தது. அப்பெருமை எவ்வளவு தகுதியானது என்பதைப் பின்னால் காண்பீர்கள்.

என் தாயாருக்கு நீரிழிவு முற்றிச் சிறுநீரகங்கள் இரண்டும் செயலற்றுப் போயின. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம், இரத்தச் சுத்திகரிப்புச் செய்தாக வேண்டும். சுத்திகரிப்பு நிலையம் தெலுக் இந்தானில் இருக்கிறது; எங்கள் தோட்டத்திலிருந்து 34 கிலோமீட்டர். பழைய சிறிய காரில் குனிந்து ஏறி இறங்க அவருக்கு இயலவில்லை. ஆகவே 2019-ம் ஆண்டில், உயரமான இருக்கையுள்ள எஸ்.யூ.வி. வண்டி ஒன்றை வாடகைக் கொள்முதலில் வாங்கினோம். தவணைக் காலம் ஒன்பது ஆண்டு; மாதம் 950 வெள்ளி. பாலர் பள்ளி ஆசிரியையான என் மனைவியின் சம்பளத்தில் பெரும் பகுதி அதற்கே போயிற்று.

வண்டி வந்த அன்று அம்மா நான்கு சக்கரங்களின் கீழும் எலுமிச்சம் பழம் வைத்துச் சூடம் கொளுத்தினார். நான் சும்மா இருந்தேனா? "அம்மா, வண்டியைக் காப்பது எலுமிச்சம் பழமா? இயந்திரத்திற்கு வேண்டியது எண்ணெய், அதைக் கவனித்தால் போதும்" என்று ஒரு சிறு சொற்பொழிவே ஆற்றினேன். "இருக்கட்டும் ராசா" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

இங்கே அந்த வண்டியின் கியர்பாக்ஸைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். முதல் கியர், இரண்டாம் கியர் என்று பல்சக்கரங்கள் மாறி மாறிப் பிடிக்கும் வகையன்று அது. சி.வி.டி. எனப்படும் வகை. கூம்பு முகமுடைய இரண்டு கப்பிகள். அவற்றைச் சுற்றி ஓர் எஃகுப் பட்டை. கப்பியின் இரு பக்கங்களும் நெருங்கியும் விலகியும் பட்டை சுற்றும் வட்டத்தின் அளவை மாற்ற, வேகம் படியின்றி ஏறி இறங்கும். ஹாலந்து நாட்டு ஹுப் வான் டோர்ன் என்பவர் இம்முறையை ஒரு சிறிய காரில் அமைத்தார். அக்கார் 1958-ம் ஆண்டில் முதன்முதலாகக் காட்சிக்கு வந்தபோது அதில் ஓடியது ரப்பர்ப் பட்டை! இந்நாட்டுத் தோட்டங்களில் நம் பாட்டன்மார் பால் வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. பிற்காலத்தில் ரப்பரின் இடத்தை எஃகு பிடித்துக்கொண்டது.

அந்த எஃகுப் பட்டை நழுவாமல் இருப்பது எண்ணெயின் அழுத்தத்தால்தான். கப்பியை இறுக்குவது, சூட்டைத் தணிப்பது, தேய்மானத்தைத் தடுப்பது ஆகிய மூன்று வேலைகளையும் அந்த ஒரே எண்ணெய் செய்ய வேண்டும். எண்ணெய் சூட்டில் கெட்டால் பட்டை நழுவும். நழுவினால் கப்பியின் முகம் கீறும். கீறலில் உதிரும் இரும்புத் துகள், எண்ணெய் செல்லும் நுண்ணிய வழிகளில் புகுந்து மேலும் கெடுக்கும். வேறு வகை எண்ணெயை ஊற்றினாலும் இதே கேடுதான்.

நிற்க. மூன்றாம் ஆண்டிலேயே எங்கள் வண்டி மெதுவாகச் செல்லும்போது நடுங்கத் தொடங்கிற்று. குளிர் காய்ச்சல்காரன் உடல் நடுங்குவதுபோல ஒரு நடுக்கம். விற்ற நிறுவனத்தின் பட்டறைக்கே கொண்டு சென்று, கியர்பாக்ஸ் எண்ணெயை மாற்ற வேண்டுமோ என்று கேட்டேன். அங்கிருந்த இளைஞர் புன்னகையுடன், "இது ஆயுட்கால எண்ணெய், மாற்றவே வேண்டியதில்லை" என்றார். யாருடைய ஆயுள் என்று நான் கேட்கவில்லை. கழுத்துப் பட்டி அணிந்தவர் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். அப்பால் கேள்வி ஏது? வண்டியோடு வந்த கையேடு பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் முன்பெட்டியில் கிடந்தது. ஊரார் கடிதங்களையெல்லாம் படித்துச் சொல்லும் கிராணி, தன் வண்டியின் புத்தகத்தைப் படிக்கவில்லை.

உடன் வந்திருந்த என் மனைவி மட்டும், "நடுக்கம் இருக்கிறதென்று அந்தத் தாளில் எழுதச் சொல்லுங்கள்" என்றாள். எதற்கு என்று முணுமுணுத்தேன். அவள் விடவில்லை. அந்த இளைஞர் வேண்டாவெறுப்பாக ஒரு வரி எழுதினார். அந்தத் தாளை அவள் வீட்டில் பத்திரப்படுத்தி வைத்தாள்.

உத்தரவாதக் காலம் ஐந்து ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டர். 2024-ம் ஆண்டில், ஐந்து ஆண்டு முடிந்து 47-ம் நாள், 78,000 கிலோமீட்டர் ஓடியிருந்த நிலையில், விடியற்காலை ஐந்தரை மணிக்கு, தோட்டத்துச் செம்மண் சாலையில் வண்டி நின்றது. இயந்திரம் உறுமிற்று, சக்கரம் அசையவில்லை. பின் இருக்கையில் அம்மா. அன்று அவருக்குச் சுத்திகரிப்பு நாள்.

தோட்டத்து இளைஞர்கள் டிராக்டரில் கயிறு கட்டி இழுக்க முன்வந்தார்கள். ஓய்வு பெற்ற லோரி ஓட்டுநரான பெரியவர் ஒருவர் தடுத்தார். "தம்பி, இந்த வண்டியை முன்சக்கரம் உருள இழுக்காதே. இயந்திரம் ஓடாமல் எண்ணெய் ஏறாது. மிச்சம் இருப்பதும் அரைபட்டுப் போகும். தட்டு லோரியை வரச் சொல்" என்றார். பிறகு தம்முடைய பழைய கஞ்சில் காரில் அம்மாவை முன் இருக்கையில் அமர்த்தித் தெலுக் இந்தானுக்குக் கொண்டு சென்றார். கையால் கியர் மாற்றும் அந்தச் சின்னஞ்சிறு வண்டிதான் அடுத்த பதினொரு வாரமும் எங்களுக்குக் கை கொடுத்தது.

நிறுவனத்தின் பட்டறையில் புதிய கியர்பாக்ஸுக்கு 13,800 வெள்ளி கேட்டார்கள். உத்தரவாதம் முடிந்துவிட்டதாம். அத்துடன், "தோட்டத்துச் சாலையில் ஓட்டுகிறீர்கள், ஆண்டுக்கொருமுறை தாப்பா வழியாகக் கேமரன் மலைக்கும் ஏறுகிறீர்கள், உங்கள் ஓட்டும் முறையே காரணம்" என்றும் சொன்னார்கள். குடும்பத்தோடு மேடு பள்ளத்தில் செல்லவென்றே விளம்பரம் செய்து விற்ற வண்டி அது என்பதை நினைவூட்டவும் எனக்கு நா எழவில்லை.

வீட்டிற்கு வந்து ஒரு கடிதம் எழுதினேன். "தாங்கள் கருணை கூர்ந்து அடியேனின் நிலையைப் பரிசீலிக்கப் பணிவுடன் வேண்டுகிறேன்" என்ற போக்கில், ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். பதிலே வரவில்லை.

மூன்றாம் வாரம் கஞ்சில்காரப் பெரியவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். வாடகை வண்டி தோட்டத்திற்குள் வர மறுத்தது. அம்மாவுக்கு ஒரு தடவை சுத்திகரிப்புத் தவறிற்று. மறுநாள் இரவு கால்கள் வீங்கி, மூச்சு முட்டி, படுக்க முடியாமல் உட்கார்ந்தே தவித்தார். பக்கத்து வீட்டார் வண்டியில் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஓடினோம். விடியும் வரை நடைக்கூடத்தில் இருந்தேன். அப்போதுதான் என் கடிதத்தின் வாசகம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து என்னைக் குத்திற்று. நான் கொடுத்தது காசு, கேட்டது நியாயம். அப்படியிருக்க, "அடியேன்" என்று எழுத எனக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? நம் முன்னோர் துரைமாருக்கு எழுதிய மனுக்களின் வழக்கம் என் ஆங்கிலத்திற்குள்ளும் ஒளிந்திருந்ததே!

அம்மா தேறி வீடு திரும்பிய பின், முதல் வேலையாகக் கையேட்டின் உறையைப் பிரித்தேன். தூசியான சாலை, கடும் வெப்பம், மலையேற்றம் ஆகிய கடினமான சூழ்நிலைகளில் ஓட்டினால் 40,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை கியர்பாக்ஸ் எண்ணெயை மாற்றுக என்று அதில் அச்சிட்டிருந்தது! ஆயுட்காலம் என்ற சொல் எங்குமே இல்லை. வண்டியைத் தட்டு லோரியில் ஏற்றி, பட்டணத்துச் சீனர் பட்டறை ஒன்றுக்குக் கொண்டுபோனேன். அந்தத் தவுக்கே எண்ணெயை வடித்துக் காட்டினார். கறுப்புக் கோப்பி போல இருந்தது. அடித்தட்டில் உள்ள காந்தத்தில் இரும்புத் துகள் மயிர் முளைத்ததுபோல் படிந்திருந்தது. "ஒரு தடவைகூட மாற்றவில்லை" என்று மலாயில் சொல்லி, அதையே தம் தாளில் எழுதியும் கொடுத்தார்.

இரண்டாவதாக, சட்டத்தைப் படித்தேன். 1999-ம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், 32-ம் பிரிவில், விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரமுடையதாக இருக்க வேண்டும் என்கிறது. நீடித்து உழைப்பதையும் அத்தரத்தின் ஓர் அங்கமாகக் கூறுகிறது. நிறுவனம் தானாகத் தரும் உத்தரவாதம் வேறு, சட்டம் தரும் உத்தரவாதம் வேறு. முன்னதன் காலம் முடிந்ததனாலேயே பின்னது செத்துப் போவதில்லை. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரிக்கை வைக்கலாம்; கட்டணம் 5 வெள்ளி; வழக்கு எழுந்த மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும்; இரு தரப்புக்கும் வழக்கறிஞர் வாதாடுவதில்லை. ஐந்து வெள்ளிக்கு இவ்வளவு இருக்கிறது என்பதை, ஆங்கிலம் படித்த நான் முப்பத்தாறு வயதில் அறிகிறேன்!

"உங்கள் ஓட்டும் முறையே காரணம்" என்ற பதிலும் எனக்கு மட்டும் கிடைத்ததன்று. ஆஸ்திரேலியாவில் தானியங்கிக் கியர் நடுங்குவதாக முறையிட்ட பலரிடம் ஒரு பெரிய மோட்டார் நிறுவனம் இதையே சொல்லிற்று. அவர்களுடையது வேறு வகைக் கியர்பாக்ஸ், பதில் ஒன்றே. அம்முறையீடுகளை நடத்திய விதத்திற்காக அந்நாட்டுக் கூட்டரசு நீதிமன்றம் 2018-ம் ஆண்டில் அந்நிறுவனத்திற்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

அதன் பின் எழுதிய கடிதம் அரைப் பக்கம். வாங்கிய தேதி, நடுக்கத்தை முறையிட்ட தேதி, கையேட்டின் பக்க எண், தவுக்கேயின் அறிக்கை, சட்டப் பிரிவு, பதினான்கு நாள் தவணை. அவ்வளவே. தவணை முடிந்ததும் நடுவர் மன்றத்தில் பதிவு செய்தேன். விசாரணை நாளுக்கு முன்பே நிறுவனத்தார் பேச்சுக்கு வந்தார்கள். உத்தரவாதக் காலத்திற்குள்ளேயே நடுக்கம் இருந்ததற்கு ஆதாரம் உண்டா என்று கேட்டார்கள். என் மனைவி அந்தத் தாளை மேசைமீது வைத்தாள். அவர்களுடைய முத்திரை, அவர்களுடைய கையெழுத்து. முடிவில் புதிய கியர்பாக்ஸ் அவர்கள் செலவு. கூலியும் எண்ணெயும் எங்கள் செலவு, 2,300 வெள்ளி. முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். கையேட்டைப் படிக்காததற்கு நான் கட்டிய அபராதம் என்று அதை எடுத்துக்கொண்டேன்.

இப்போது 40,000 கிலோமீட்டர் ஆகுமுன்பே எண்ணெயை மாற்றுகிறேன். கையேட்டில் குறித்த வகையைத் தவிர வேறெதையும் ஊற்ற விடுவதில்லை. பட்டறையில் சொல்வதையெல்லாம் எழுதி வாங்குகிறேன். அம்மா இன்றும் வாரத்தில் மூன்று நாள் அதே வண்டியில் போகிறார். ஆயுத பூசையன்று எலுமிச்சம் பழமும் வைக்கிறார். சொற்பொழிவு ஆற்றும் தகுதி எனக்கு இல்லையென்று பேசாமலிருக்கிறேன். அவர் பழத்தை நம்பினார். நான் கழுத்துப் பட்டியை நம்பினேன். அவருடைய நம்பிக்கையால் செலவான காசு இரண்டு வெள்ளி.

தோழர்களே! பகுத்தறிவு வேண்டும் என்று மேடையில் பேசுகிறோம், கை தட்டுகிறோம். அது அன்றாட வாழ்வில் எங்கே தொடங்க வேண்டும் என்று கேட்டால், கையெழுத்திடுமுன் படிப்பதிலும், சொன்னவர் யாராயினும் "எதனால்?" என்று கேட்பதிலும், கேட்டதை எழுதி வைப்பதிலும் தொடங்க வேண்டும் என்பேன். உங்களில் வண்டி வைத்திருப்போர் இன்று மாலை வீடு திரும்பியதும் அதன் முன்பெட்டியைத் திறந்து பாருங்கள். கையேடு உறைக்குள் கிடந்தால், தயவுசெய்து உறையைப் பிரியுங்கள்.