எல்லையில் யாரும் நிறுத்தவில்லை

பிரிக்பீல்ட்ஸில் வாடகைக் காரின் சாவியைக் கையில் வாங்கியதும் நான் கேட்ட முதல் கேள்வி, "மாநில எல்லையில் பர்மிட் ஏதாவது காட்ட வேண்டுமா தம்பி?"

சாவி கொடுத்த பையனுக்குப் புரியவில்லை. "எந்த எல்லை அண்ணே?"

"கோலாலம்பூர் தனி, சிலாங்கூர் தனி இல்லையா? கிள்ளானுக்குப் போகப்போகிறேன்."

அவன் சிரித்துவிட்டான். "வழியில ஒரு பெரிய வளைவு வரும். அதுதான் எல்லை. நேரா போங்க."

என் பயத்துக்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் பெங்களூரில் புதுக் கார் வாங்கி, தற்காலிகப் பதிவு எண்ணோடு சென்னைக்கு ஓட்டி வந்தேன். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் ஓரங்கட்டினார்கள். இன்வாய்ஸ் எங்கே, இன்சூரன்ஸ் எங்கே, தற்காலிகப் பதிவு என்றைக்கு முடிகிறது என்று ஒன்றரை மணி நேரம். எல்லாத் தாளும் சரியாக இருந்தும் திருடனைப்போல நின்றேன். நம் ஊரில் வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புது எண் வாங்க வேண்டும். நாமே ஓட்டும் வாடகைக் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து, தற்காலிக எண்ணுக்கு மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து. தூரத்திலிருந்தே நம் ஜாதகம் தெரிந்துவிடும்.

இங்கே எனக்குக் கிடைத்த பெரோடுவா பெஸ்ஸாவின் எண் 'வி'யில் தொடங்கியது. கோலாலம்பூர் வண்டி என்று பொருள். முன்பு 'டபிள்யூ' இருந்தது, அது தீர்ந்ததால் 'வி'. சிலாங்கூருக்கு 'பி', பேராக்குக்கு 'ஏ', ஜொகூருக்கு 'ஜே'. எந்த எழுத்தோடு பிறந்ததோ அதே எழுத்தோடு வண்டி தீபகற்பம் முழுக்கச் சுற்றலாம். வீடு மாறினாலும் எண் மாறாது. வரி இல்லாத தீவான லங்காவியில் பதிவான வண்டிகளுக்குத்தான் கெடுபிடி. சுங்க அனுமதி வாங்கி, குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் தீவை விட்டு வெளியே கொண்டுவரலாம். வாடகைக் காரில் தாய்லாந்துக்கோ சிங்கப்பூருக்கோ போவதென்றால் நிறுவனத்தின் அனுமதியும் தனிக் காப்பீடும் வேண்டும். மற்றபடி சென்னையில் வாங்கிய பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் போதுமானதாக இருந்தது. இங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் கை தடுமாறவில்லை.

பின்சீட்டில் அம்மா. வயது 70. பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் என்ற கட்டத்தில் 'கிள்ளான்' என்று இருக்கும். விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி அதைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், மலாயில் ஏதோ கேட்டார். அம்மா 55 வருடமாகப் பேசாத மலாயில் ஏதோ பதில் சொன்னாள். அவர் சிரித்தபடி 30 நாள் அனுமதி கொடுத்தார். இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று 2023 டிசம்பரிலிருந்து வந்த சலுகை அது. எல்லோருக்கும் கொடுக்கிற அதே 30 நாள்.

முன்சீட்டில் மாமா, அம்மாவின் சித்தப்பா மகன். பிரிக்பீல்ட்ஸ்காரர். அவருடைய அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். அவர்கள் குடியிருந்த 'நூறு குவாட்டர்ஸ்' வரிசை வீடுகளை இடித்துவிட்டார்கள். அந்தப் பக்கமே பார்க்க மாட்டேன் என்று மாமா என்னை வேறு தெருவழியாகத் திருப்பினார். ஒரு காலத்தில் செங்கல் சூளைகள் இருந்ததால் வந்த பெயர் பிரிக்பீல்ட்ஸ். இப்போது துன் சம்பந்தன் சாலையில் தீபாவளி நெரிசல். பூக்கடை, முறுக்கு, பட்டுப்பாவாடை. காரை வெளியே எடுக்கவே இருபது நிமிடம் ஆனது.

ஃபெடரல் ஹைவேயில் ஏறிக் கொஞ்ச தூரத்தில் அந்த வளைவு வந்தது. கோத்தா டாருல் எஹ்சான். 1974 பிப்ரவரி 1 அன்று சிலாங்கூர் தன் தலைநகரான கோலாலம்பூரை மத்திய அரசுக்குக் கொடுத்தது. அதன் நினைவாக எழுப்பியது. மூர் பாணிக் கட்டடம், சாலையின் குறுக்கே கம்பீரமாக நிற்கிறது. வளைவு நெருங்கியதும் என் கால் தானாக பிரேக்குக்குப் போனது. பின்னால் வந்த வேன் ஹார்ன் அடித்தது.

"போயா, போயா. யாரும் நிப்பாட்ட மாட்டான்" என்றார் மாமா.

எல்லை அவ்வளவுதான். இந்தச் சாலையில் பத்து தீகாவிலும் சுங்கை ராசாவிலும் இருந்த டோல் சாவடிகளையும் 2018 ஜனவரி 1 முதல் எடுத்துவிட்டார்கள். மோட்டார் சைக்கிள்களுக்கு ஓரத்தில் தனிப்பாதை. அதைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஷா ஆலம் அருகே நீலக் கோபுரத்தோடு மசூதி தெரிந்தது. "இதெல்லாம் பால் மரமா இருந்துச்சு" என்றாள் அம்மா. அவள் சொன்னது ரப்பர் மரத்தை. தோட்டத்து ஆட்கள் ரப்பர் மரம் என்று சொல்வதில்லை.

வழியில் பெட்ரோல் போட நிறுத்தினோம். 2025 செப்டம்பர் 30 முதல் மலேசியக் குடிமக்கள் தங்கள் மைகாட் அடையாள அட்டையைக் காட்டினால் ரான்95 பெட்ரோல் லிட்டர் 1 ரிங்கிட் 99 சென். அட்டை இல்லாதவர்களுக்குச் சந்தை விலை. மாமா சட்டைப்பையில் கைவிட்டார். "என் அட்டையில போட்டுடலாம்."

"வேண்டாம் தம்பி. வண்டி எடுத்தது அவன். அவன் விலைக்கே போடட்டும்" என்றாள் அம்மா.

மாமா பிறந்தது 1958. அம்மா 1955. மலாயா 1957 ஆகஸ்ட் 31 அன்று சுதந்திரம் அடைந்தது. அந்த நாளிலிருந்து 1962 செப்டம்பர் வரை இந்த மண்ணில் பிறந்த குழந்தைக்குக் குடியுரிமை தானாக வந்தது. முன்னால் பிறந்தவர்களில் பலர் விண்ணப்பம் போட்டு வாங்க வேண்டியிருந்தது. சின்னத் தாத்தா போட்டார், நீல அட்டை கிடைத்தது. என் தாத்தா அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம் என்று தள்ளிப்போட்டார். சிவப்பு அட்டையோடு நின்றுவிட்டார். 1969 கலவரத்துக்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயம் என்று கெடுபிடி வந்தபோது, பல்லாயிரக்கணக்கான தோட்டத் தமிழர்களோடு அவரும் கிளம்பினார். 1970-ல் போர்ட் சுவெட்டன்ஹாமில் ரஜூலா கப்பல் ஏறி நாகப்பட்டினத்தில் இறங்கியபோது அம்மாவுக்கு 15 வயது.

அந்த ஊருக்கு 1972-ல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாற்றினார்கள். அம்மாவுக்கு இன்னமும் போர்ட் சுவெட்டன்ஹாம்தான்.

கிள்ளான் நகரில் தெங்கு கிளானா சாலையில் வாழையிலைச் சாப்பாடு. ஆற்றைக் கடக்கும்போது பழைய கோத்தா பாலத்தைக் காட்டினாள் அம்மா. இரண்டடுக்குப் பாலம். மேலே வண்டி, கீழே நடப்பவர்களும் சைக்கிளும். நாங்கள் போனது பக்கத்தில் உள்ள புதுப் பாலத்தில்.

"தாத்தா கீழ்த்தட்டில என்னை சைக்கிள்ல கூட்டிட்டுப் போவார். இறங்கவே மாட்டார்."

சைக்கிளைவிட்டு இறங்குவதில் ஒரு கதை இருக்கிறது. தோட்டத்தில் துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும். 1941 மார்ச்சில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, கள்ளுக்கடைகளை மூடுவது என்ற கோரிக்கைகளோடு இதுவும் ஒன்று: சைக்கிளைவிட்டு இறங்க மாட்டோம். முன்னின்றவர்களில் ஒருவரான கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர்.எச்.நாதன் மே மாதம் கைதானார், பிறகு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் 5 பேர் இறந்தார்கள். தாத்தாவுக்கு அப்போது இருபது வயதிருக்கும். அதைப்பற்றி வீட்டில் அவர் வாயைத் திறந்ததே இல்லை.

காப்பார் பக்கம் தோட்டத்தைத் தேடி இரண்டு மணி நேரம் சுற்றினோம். கைபேசி வரைபடம் வரிசை வீடுகளையும் தொழிற்சாலைகளையும் காட்டியது. லயம் இல்லை, பிரட்டுக்களம் இல்லை. கடைசியில் ஒரு சிறிய அம்மன் கோவில் முன்னால் அம்மா நிறுத்தச் சொன்னாள். இதுதானா என்றால் தெரியவில்லை என்றாள். பூசாரியிடம் தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். அவர் எதிரே இருந்த கிடங்கைக் காட்டினார்.

"ஆபீஸ் அங்கதாம்மா இருந்துச்சாம். துரை பங்களா அதுக்குப் பின்னாடி."

கிடங்கின் வாசலில் இரும்புக் கேட், காவலாளி. உள்ளே விடமாட்டார்களே என்று காரைத் திருப்பப் போனேன்.

"கேட்டு வரைக்கும் ஓட்டு" என்றாள் அம்மா.

ஓட்டினேன். காவலாளி எழுந்து வந்து கண்ணாடியைத் தட்டினார். நான் கதவைத் திறக்கக் கையை வைத்தேன்.

"இறங்காதே" என்றாள். கண்ணாடியை மட்டும் இறக்கிக் காவலாளிக்கு மலாயில் ஏதோ சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு நாற்காலிக்குத் திரும்பினார். ஐந்து நிமிடம் அங்கேயே இருந்தோம், எஞ்சினை அணைக்காமல்.

கோலாலம்பூர் திரும்பும்போது மழை. வளைவு வந்தது. இந்த முறை பிரேக்கைத் தொடவில்லை. அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள்.