என் பெயர் என்ன?

முகமது அலியை எங்களுக்குக் காட்டியவர் பெரியப்பா. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். 1980இல் அலி சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடியதைப் பார்த்துவிட்டு வந்தவர், சாகும்வரை அந்தக் கதையை விடவில்லை. ராத்திரி வாசலில் நின்று அலியைப் போலவே ஆடிக் காட்டுவார். பிள்ளைகள் நாங்கள் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு காற்றைக் குத்துவோம்.

அதே பெரியப்பாவை ஊர்த்தெருவில் பத்து வயதுப் பையன்கூட 'டேய்' என்றுதான் கூப்பிடுவான். 'தோ வந்துட்டேங்க' என்பார்.

எங்களில் இருவர் சிதம்பரத்துக்குச் சமூகவியல் படிக்கப் போனபோதுதான் அலியை முழுதாக வாசித்தோம். காசியஸ் கிளே என்பது அடிமைப் பெயர் என்று 1964இல் அதை உதறினார். எர்னி டெரல் பிடிவாதமாகப் பழைய பெயரையே சொன்னார். 1967 பிப்ரவரியில் அவரை மேடையில் குத்திக்குத்தி, 'என் பெயர் என்ன?' என்று கேட்டார் அலி. அதே ஏப்ரலில், வியட்நாம் போருக்கான ராணுவத்தில் சேர மறுத்தார். பட்டம் பறிபோனது, மூன்றரை ஆண்டுகள் மேடையேற முடியவில்லை. சிறைத் தண்டனையை 1971இல்தான் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பெரியப்பாவுக்காகவும் சேர்த்துக் கேட்ட கேள்வி என்றே அதை எடுத்துக்கொண்டோம்.

ஆனால் தோழர்களே, ஜோ ஃபிரேசியரையும் படியுங்கள். அலிக்கு மறுபடி உரிமம் தரவேண்டும் என்று பேசியவர். தெற்குக் கரோலினாவின் ஏழை விவசாயக் குடும்பத்துக் கறுப்பர். அவரை வெள்ளையரின் கையாள் என்றார் அலி. 1975 மணிலா போட்டிக்கு முன் 'கொரில்லா' என்றார், பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு. 2001இல் பத்திரிகை வழியாக வருத்தம் தெரிவித்தார். அந்தக் காயம் ஃபிரேசியருக்கு அவ்வளவு எளிதில் ஆறவில்லை. எங்கள் நாயகன்தான், இதில் அவர் பக்கம் நிற்க முடியாது.

போன மாதம் நாங்கள் நடத்தும் மாலைப் பள்ளியில் நம் தெருப் பையன் ஒருவன், இருளர் வீட்டுச் சிறுவனை 'ஏ எலி' என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ரொம்ப நாளாகவே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்; நாங்களும் கண்டித்ததில்லை. மறுநாள் அவன் வரவில்லை. வீடு தேடிப் போனோம். குடியிருப்பு வாசலில் ஒரு பெரியவர், "எந்தப் புள்ள? பேரு என்னங்க?" என்று கேட்டார்.

எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. வருகைப் பதிவேட்டிலும் 'எலி' என்றுதான் எழுதியிருந்தோம்.