பட்டாசுக்கும் பாக்டீரியாவுக்கும் என்ன சம்பந்தம்?

ஏழாயிரம்பண்ணை என்றால் பலருக்கும் தீப்பெட்டியும் பட்டாசும் தான் நினைவுக்கு வரும். சாத்தூர் பக்கத்துக் கரிசல் பூமி. மழையை நம்பி விவசாயம் செய்து ஓய்ந்துபோன குடும்பங்களுக்குப் பட்டாசு ஆலை தான் சோறு போடுகிறது. இந்த ஊருக்கும் பாக்டீரியாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இருக்கிறது! அந்தச் சம்பந்தத்தின் பெயர் வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட்.

பழைய கருமருந்துக் கணக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். இதில் எரிவது கரியும் கந்தகமும். எரியத் தேவையான ஆக்சிஜனைக் கொடுப்பது வெடியுப்பு. அதனால் தான் காற்றுப் புகாமல் காகிதத்தில் இறுக்கிச் சுற்றிய வெடியும் வெடிக்கிறது.

இன்று வெடியுப்பு ரசாயனத் தொழிற்சாலையிலிருந்து வருகிறது. முன்பு அது மண்ணிலிருந்து வந்தது. பீகாரில் நோனியா சமூகத்தினர் மாட்டுத் தொழுவம், பழைய மண்சுவர் அருகே வெயில் காலத்தில் பூக்கும் வெள்ளை உப்பைச் சுரண்டி, கரைத்து, காய்ச்சி எடுத்தார்கள். ஐரோப்பியப் போர்களுக்கு அந்த உப்பு அவ்வளவு தேவைப்பட்டது. 1757 பிளாசிப் போருக்குப் பின் கிழக்கிந்தியக் கம்பெனி அந்த வியாபாரத்தின் ஏகபோக உரிமையை வாங்கிக்கொண்டது. அந்த உப்பை மண்ணுக்குள் தயாரித்தது யார் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. 1890-ல் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி தான் அந்த பாக்டீரியாக்களைத் தனியாகப் பிரித்தெடுத்துக் காட்டினார்.

பாக்டீரியாவுக்கு வாய் கிடையாது. நீரில் கரைந்ததை மட்டும் தன் சவ்வு வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும். பாலைத் தயிராக்கும் பாக்டீரியா பாலில் உள்ள சர்க்கரையைச் சாப்பிடுகிறது. வெடியுப்பு பாக்டீரியா வேறு ரகம். மாட்டு மூத்திரத்தில் உள்ள யூரியாவை வேறு சில பாக்டீரியாக்கள் அம்மோனியாவாக்கிக் கொடுக்கும். அந்த அம்மோனியாவை நைட்ரோசோமோனாஸ் நைட்ரைட்டாக்கும். நைட்ரைட்டை நைட்ரோபாக்டர் நைட்ரேட்டாக்கும். மண்ணிலும் விறகுச் சாம்பலிலும் உள்ள பொட்டாசியத்தோடு நைட்ரேட் சேர்ந்தால் வெடியுப்பு ரெடி!

இதில் பாக்டீரியாவுக்கு என்ன லாபம்? அம்மோனியாவிலிருந்து பறித்த எலக்ட்ரான்கள் படிப்படியாக இறங்கி ஆக்சிஜனைச் சேரும். அந்த இறக்கத்தில் கிடைக்கும் சக்தியைக் கொண்டு ஏடிபி என்ற மூலக்கூறு தயாராகும. ஏடிபி என்பது செல்லின் கையிருப்பு ரொக்கம் மாதிரி. சேர்த்து வைக்க முடியாது, வரவர செலவாகிக்கொண்டே இருக்கும். காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். அம்மோனியாவில் வரவு குறைவு. அதில் பெரும்பகுதி காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து உடம்பாக மாற்றுவதிலேயே போய்விடும். மிச்சம் பிடிப்பது கஷ்டம்.

அது வளர்ச்சியில் தெரியும். பாக்டீரியா ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். கூட்டு வட்டிக் கணக்கு தான். நல்ல தீனியில் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். அப்படியே போனால் 10 மணி நேரத்தில் ஒன்று 107 கோடியைத் தாண்டிவிடும். ஆனால் தீனி தீரும், கழிவு சேரும், பெருக்கம் நின்றுவிடும். நைட்ரோசோமோனாஸுக்கோ நல்ல சூழலிலும் ஒருமுறை இரட்டிக்கப் பல மணி நேரம் ஆகும். வெடியுப்பு விளையக் காத்திருக்க வேண்டியிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு ஆச்சரியம் உண்டு. தண்ணீர் தேங்கி ஆக்சிஜன் இல்லாமல் போன மண்ணில் வேறு சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டையே ஆக்சிஜனுக்குப் பதிலாகச் சுவாசிக்கின்றன! முடிவில் நைட்ரஜன் வாயு வெளியேறும். கருமருந்து எரியும்போதும் நைட்ரேட் தான் ஆக்சிஜன் தருகிறது, அதிலிருந்தும் நைட்ரஜன் வாயு வெளிவருகிறது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்று தான். பாக்டீரியா அந்தச் சக்தியைச் சில்லறையாக மாற்றிச் செலவு செய்கிறது. கருமருந்து மொத்தத்தையும் ஒரு நொடிக்குள் கொட்டிவிடுகிறது.

இந்த வித்தியாசம் ஏழாயிரம்பண்ணைக்கு வெறும் பாடப்புத்தக விஷயம் இல்லை. 2021 பிப்ரவரி 12 அன்று பக்கத்து அச்சங்குளத்தில் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். மருந்து கலக்கும்போது ஏற்பட்ட உராய்வு தான் காரணம் என்று அப்போது செய்திகள் வந்தன. கலந்த மருந்து மிஞ்சினால் மறுநாளுக்கு வைக்கக்கூடாது என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த பாடம். ஈரம் பட்ட அலுமினியத் தூள் மெல்ல வினைபுரிந்து சூடாகும், அந்தச் சூடு வெளியேற வழியில்லாவிட்டால் வெடிக்கும்.

செல்லுக்குள் ஒவ்வொரு படியிலும் ஒரு நொதி காவல் நிற்கிறது. பட்டாசு அறையில் அந்தக் காவல் வேலையை மனிதர்கள் தான் செய்ய வேண்டும். குறைந்த அளவில் கலப்பது, ஓர் அறையில் அதிகம் பேரை உட்கார வைக்காமல் இருப்பது, மிச்சத்தை அன்றே அப்புறப்படுத்துவது. தீபாவளி ஆர்டர் நெருக்கும்போது முதலில் கைவிடப்படுவதும் இவை தான். கூலிக்காக வேனில் ஏறி வரும் அந்த அக்காக்களும் அண்ணன்களும் சாயங்காலம் வீடு திரும்புவது அவற்றில் தான் இருக்கிறது.